ஒயர் இல்லாத சம்பந்தம்

லேப்டாப் திறந்துகொண்டது. படம் தெளிவாக இருந்தது. எழுத்தெல்லாம் முன்பைவிடப் பெரிதாக, கண்ணுக்கு இதமாகத் தெரிந்தது. வைஃபை அடையாளத்தை மட்டும் காணவில்லை.

"எங்கடா போச்சு?" என்று கேட்டார் ரெத்தினம்.

செந்தில்குமார் திரையின் மேல் மூலையில் தேடினான், கீழ் மூலையில் தேடினான், பிறகு லேப்டாப்பைத் தூக்கி அதன் அடியிலும் ஒருமுறை பார்த்தான். அவன் ரெத்தினத்தின் மனைவி மாலதிக்குத் தம்பி. ஒரத்தநாட்டில் செல்போன் கடை வைத்திருந்தான். அக்கா வீட்டில் எது கெட்டாலும் முதலில் அவனைத்தான் கூப்பிடுவார்கள். அவன் வந்துபோன பிறகு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள்.

"வைஃபை கார்டு உள்ளதான் மாமா இருக்கு. இந்தப் புது சிஸ்டத்துக்கு அதை அடையாளம் தெரியல."

"நேத்து வரைக்கும் தெரிஞ்சுதே."

"நேத்து இருந்தது விண்டோஸ். இது லினக்ஸ்."

ரெத்தினம் பட்டுக்கோட்டையில் பம்புசெட் கடை வைத்திருப்பவர். மோட்டாருக்குச் செம்புக்கம்பியைச் சுற்றிக் காயில் கட்டுவதில் தொடங்கி, ஆழ்குழாய்க் கிணற்றுக்குள் மோட்டாரை இறக்குவது வரை எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. ஒயர் எங்கே புறப்பட்டு எங்கே போய்ச் சேருகிறதென்று விரலால் தொட்டுக்கொண்டே போனால் கோளாறு தானாகக் கையில் தட்டுப்படும் என்பது அவர் கொள்கை. அந்தக் கொள்கை இன்றுவரை அவரைக் கைவிட்டதில்லை. ஆனால் ஒயரே இல்லாத ஒன்றில் கோளாறு வந்தால் விரலை எங்கே வைப்பது?

அன்று சாயங்காலம் நாலு மணிக்கு அவர் மகள் கலைமகளோடு பேச, சிங்கப்பூரிலிருந்து ராஜராஜன் வீடியோவில் வருவதாக இருந்தது.

ராஜராஜனுடைய அப்பாவும் அம்மாவும் போன மாதமே மன்னார்குடிப் பக்கமிருந்து வந்து பெண்ணைப் பார்த்துவிட்டார்கள். கேசரி சாப்பிட்டார்கள், தோப்பைச் சுற்றிப் பார்த்தார்கள், பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டும் போனார்கள். மாப்பிள்ளைக்குத்தான் லீவு கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் பெரிய கம்பெனி, ஞாயிற்றுக்கிழமைகூட ஆபீஸ் இருக்கும் என்றார் அவன் அப்பா. வீடியோவில் இரண்டு பேரும் ஒருமுறை பேசிவிட்டால் போதும், வருகிற வெள்ளிக்கிழமையே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னார். கிளம்பும்போது, பெண் இப்போதே வேலையை விட்டுவிட்டால் பாஸ்போர்ட் மற்ற வேலைகளைப் பார்க்கச் சுலபமாக இருக்கும் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போனார்.

கலைமகளுக்குத் தஞ்சாவூரில் ஒரு மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை. விவசாயிகள் மஞ்சள் பையில் கட்டிக்கொண்டு வருகிற மண்ணைப் பார்த்து, எந்த உரம் எவ்வளவு போடலாம் என்று சொல்லி அனுப்புவாள். காலையில் பஸ் ஏறினால் இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். ஆனாலும் வேலை அலுத்துவிட்டது என்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. இந்தச் சம்பந்தத்தைப் பற்றியும் அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பேசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருந்தாள்.

ரெத்தினத்தின் கவலை வேறு. மாப்பிள்ளை பார்ப்பது நெட்வொர்க் இன்ஜினியர் வேலை. அவனிடம் போய், எங்கள் வீட்டில் நெட் வரவில்லை என்று எப்படிச் சொல்வது? பம்புசெட் கடைக்காரன் பெண் பார்க்கப் போன வீட்டில் குடிக்கத் தண்ணீர் இல்லையென்று சொன்ன மாதிரி ஆகிவிடாதா?

இத்தனைக்கும் முந்தின நாள் வரை லேப்டாப் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. திறக்கும்போதெல்லாம் ஓர் அறிவிப்பு மட்டும் வரும். இந்தப் பழைய சிஸ்டத்துக்கு இனிமேல் சப்போர்ட் கிடையாது என்று அதில் போட்டிருக்கும். கலைமகள் பார்த்தும் பார்க்காததுபோல் அதை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பாள். சனிக்கிழமை சாயங்காலம் தற்செயலாக அது ரெத்தினத்தின் கண்ணில் பட்டுவிட்டது. நாளைக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒன்றும் ஆகாது என்று மகள் சொன்னதைக் காதில் வாங்காமல், மச்சினனுக்கு போன் போட்டார். செந்தில் ஒரு பென்டிரைவோடு வந்தான். காசு கிடையாது, வைரஸ் வராது, பழைய லேப்டாப்பும் புதுசு மாதிரி ஓடும் என்று சொல்லி லினக்ஸைப் போட்டான். அவன் சொன்ன மூன்றுமே உண்மைதான்.

"இப்ப என்னதான் செய்யலாம்?" என்றார் ரெத்தினம்.

"இந்தக் கார்டை ஓட்டுறதுக்குன்னு டிரைவர்னு ஒரு சாஃப்ட்வேர் இருக்கு மாமா. அதை நெட்லேருந்து இறக்கிப் போட்டா வைஃபை வந்துடும்."

"நெட் வர்றதுக்கு நெட் வேணும்கிற."

"ஆமா."

மாலதி சிரித்துவிட்டாள். ரெத்தினம் சிரிக்கவில்லை. அவருக்கு இதில் புரியாதது ஒன்றுமே இல்லை. பம்பு காற்றுப் பிடித்துக்கொண்டால் தண்ணீர் வராது, வரவேண்டுமென்றால் முதலில் ஒரு குடம் தண்ணீரை நாமே ஊற்றித்தான் ஆகவேண்டும். இந்தப் பெட்டியும் அந்த ஜாதிதான் போலிருக்கிறது.

"ஊத்து" என்றார்.

வீட்டு வைஃபையை மாலதியின் போன் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் போனை ஒரு கேபிளால் லேப்டாப்பில் சொருகி நெட்டை உள்ளே விட்டான் செந்தில். கேபிள் லொடலொடத்தது, கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தால்தான் நெட் வந்தது. நடுவில் ஒரு ஒயரைப் பார்த்ததும் ரெத்தினத்துக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. டிரைவரும் கிடைத்தது. ஒன்று கிடைத்திருந்தால் பிரச்சினை இல்லை, ஒரே பெயரில் கடைசி எழுத்து மட்டும் மாறி நாலைந்து கிடைத்தன. செந்தில் இருப்பதிலேயே புதியதைத் தேர்ந்தெடுத்தான். அது என்னென்னவோ கேட்டது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று அழுத்திக்கொண்டே போனான். கடைசியில், மூடித் திறக்கட்டுமா என்று கேட்டது. அதற்கும் சரி என்றான்.

மூடியது. திறக்கும்போது கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மட்டும் வரிசை வரிசையாக ஓடி, ஒரு இடத்தில் வந்து நின்றுகொண்டன.

தலையைப் பாதி பின்னியபடி கலைமகள் உள்ளேயிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, என் போன்லயே பேசிடுறேனே. வைஃபைதான் வருதே."

அதில் எந்தத் தப்பும் இல்லை என்று ரெத்தினத்துக்கும் தெரிந்தது. ஆனால், போனில் படம் ஆட்டம் கொடுக்கும், லேப்டாப்பில் வைத்து நிதானமாகப் பேசட்டும் என்று சம்பந்தி சொல்லியிருந்தார். வெள்ளிக்கிழமைதான் தாம்பூலம் என்றாலும் ரெத்தினம் மனதுக்குள் அவரைச் சம்பந்தி என்றே அழைக்க ஆரம்பித்துவிட்டார். தவிர, இத்தனை நேரம் மல்லுக்கு நின்ற பிறகு ஒரு பெட்டியிடம் தோற்றுப்போவது அவருக்கு வழக்கமில்லை. நீ போய்ப் புடவையை மாற்று, இது எங்கள் பாடு என்று அவளை அனுப்பிவிட்டார்.

செந்தில் மறுபடி பென்டிரைவைச் சொருகி, அதே சிஸ்டத்தை முதலிலிருந்து போட்டான். அது முடிவதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இனி டிரைவர் பக்கமே போகவேண்டாம், வெளியே சொருகுகிற வைஃபை ஒன்று வாங்கிக்கொண்டு வந்துவிடலாம் என்று அவன் சொன்ன யோசனை எல்லோருக்கும் பிடித்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமையாதலால் பாதிக் கடைகள் மூடிக்கிடந்தன. ரெத்தினம் பட்டுக்கோட்டை முழுக்கப் பைக்கில் சுற்றி, ஒரு கடையைக் கண்டுபிடித்து வாங்கி வந்தார். சாமான் சுண்டுவிரல் நகம் அளவுதான் இருந்தது. அதைவிடப் பெரிதாகப் பெட்டியும், பெட்டிக்குள் ஒரு சின்ன சிடியும் இருந்தன. அந்த சிடியை முதலில் போடவேண்டுமாம். கலைமகளின் லேப்டாப்பில் சிடி போட வாயே கிடையாது.

"காது குத்தாத புள்ளைக்குத் தோடு வாங்கிட்டு வந்துட்டீங்க" என்றாள் மாலதி.

செந்தில் எதற்கும் இருக்கட்டும் என்று அந்தச் சாமானை அப்படியே சொருகினான். லினக்ஸ் என்ன நினைத்ததோ, உடனே அதை அடையாளம் கண்டுகொண்டது. மேல் மூலையில் வைஃபை அடையாளம் பிறந்தது. ரெத்தினம் நிமிர்ந்து உட்கார்ந்து, மாலதியிடம் காபி கேட்டார்.

காபி வருவதற்குள் அடுத்தது தெரிந்துவிட்டது. அடையாளம் இருந்ததே தவிர, அதைத் தொட்டால் ஒரு பெயரும் வரவில்லை. பட்டியல் காலியாகக் கிடந்தது. செந்தில் அந்தச் சாமான் வந்த பெட்டியின் பின்பக்கம் இருந்த பொடி எழுத்துகளைப் படித்துவிட்டுத் தலையைச் சொறிந்தான். இந்தச் சாமான் பழைய அலைவரிசையை மட்டும்தான் பிடிக்குமாம். வீட்டு வைஃபை பெட்டியோ புது அலைவரிசையில் ஓடிக்கொண்டிருந்தது. போன பொங்கலுக்கு வந்தபோது, இது வேகமாக இருக்கும் என்று அப்படி மாற்றி வைத்துவிட்டுப் போனவனும் செந்தில்தான்.

"சிங்கிள் ஃபேஸ் மோட்டாரைக் கொண்டுவந்து த்ரீ ஃபேஸ் லைன்ல வச்சிருக்க" என்றார் ரெத்தினம். அவருக்கு மறுபடி விளங்கிவிட்டது. "லைனை மாத்து."

மாற்ற வைஃபை பெட்டியின் பாஸ்வேர்டு வேண்டும். அது யாருக்கும் தெரியாது. போட்டவனுக்கே மறந்துவிட்டது. ஆனால் அதற்கும் வழி இருந்தது. பெட்டியின் பின்னால் ஊசி நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு, அதில் குத்திப் பிடித்தால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்றான் செந்தில்.

காலையிலிருந்து விரல் வைக்க இடமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ரெத்தினத்துக்குக் கடைசியில் ஒரு இடம் கிடைத்தது. மாலதியிடம் ஊக்கு வாங்கி, அந்த வேலையை அவரே செய்தார். துருப்பிடித்த போல்ட்டை அழுத்துகிற மாதிரி, பல்லைக் கடித்துக்கொண்டு நன்றாக அழுத்திப் பிடித்தார். பெட்டியில் எல்லா விளக்கும் அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன. ஒன்று மட்டும் சிவப்பாகவே நின்றது.

பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது. பாஸ்வேர்டை மட்டுமல்ல, தன் கனெக்ஷன் எங்கிருந்து வருகிறது என்பதையும் மறந்துவிட்டது. அதை மறுபடி சொல்லிக்கொடுக்க, கனெக்ஷன் கொடுத்த ஆள் வரவேண்டும். அவர் தாராசுரத்தில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்குப் போயிருந்தார். போன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை.

இப்போது கலைமகளின் போனிலும் நெட் இல்லை. சுற்றிலும் தென்னந்தோப்பு என்பதால் அந்த வீட்டுக்குள் டவர் சரியாக வராது. அவள் பட்டுப்புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய், போனை நாலு திசையிலும் காட்டிவிட்டு இறங்கி வந்தாள். ஐப்பசித் தூறல் வேறு ஆரம்பித்திருந்தது. மாலதி கேலி எதுவும் செய்யவில்லை. மாலதி பேசாமலிருந்தால் நிலைமை மோசம் என்று அர்த்தம்.

"காரை எடு" என்றார் ரெத்தினம் மச்சினனிடம். "டவுனுக்குப் போயிடுவோம்."

லேப்டாப், நகம் அளவு வைஃபை, செந்தில் தன் கடையிலிருந்து கொண்டுவந்திருந்த சின்ன ஸ்பீக்கர், மகளுக்குப் பின்னால் தொங்கவிட மாலதி எடுத்துக்கொண்ட பூப்போட்ட மேசைவிரிப்பு எல்லாம் காரில் ஏறின. ரோட்டின் இரு பக்கமும் சம்பா நட்ட வயல்களில் தண்ணீர் நின்றிருந்தது. கலைமகள் கண்ணாடி வழியே அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்த ரெத்தினத்துக்கு, நேற்றிலிருந்து லேப்டாப்பின் முகத்தைப் பார்த்த அளவுக்கு மகளின் முகத்தைத் தான் பார்க்கவில்லை என்று உறைத்தது.

"உனக்கு இஷ்டம் இல்லைன்னா சொல்லிடும்மா" என்றார் மெதுவாக.

"அவரை இன்னும் பார்க்கவே இல்லையேப்பா. வேலையை இப்பவே விட்டுடுன்னு சொல்றதுதான் ஒரு மாதிரி இருக்கு."

"நல்ல பையன்மா. அந்தக் கம்பெனியே இவன் கையிலதான் ஓடுதாம்."

அவள் மறுபடி கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவரும் திரும்பி ரோட்டைப் பார்த்தார்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது தௌபீக்கின் நெட் சென்டர். தௌபீக் முத்துப்பேட்டைக்காரன். கடைக்கு வந்தவர்களிடம் அதிராமல் பேசுகிறவன். பட்டுப்புடவையும் மேசைவிரிப்புமாக ஒரு குடும்பமே உள்ளே நுழைவதைப் பார்த்தும் அவன் எதுவும் கேட்கவில்லை, நாற்காலிகளை நகர்த்திப் போட்டான். விஷயத்தைச் சொன்னதும் வருத்தப்பட்டான். முன்னால் இருந்த கம்ப்யூட்டர் எதிலும் கேமரா இல்லையாம். கேமரா வைத்தது உள்ளே ஏசி அறையில் ஒன்றுதான் இருக்கிறது, அதில் ஒருத்தர் கதவைச் சாத்திக்கொண்டு முக்கியமான வேலையாக உட்கார்ந்திருக்கிறார், அவர் எழுந்திருக்க நேரமாகும் என்றான். வேண்டுமானால் உங்கள் லேப்டாப்பிலேயே என் வைஃபையைப் போட்டுக்கொள்ளுங்கள், ஆனால் என்னுடையது ரொம்பப் பழைய பெட்டி என்று தயங்கினான்.

"பழசுதான் தம்பி வேணும்" என்றார் ரெத்தினம்.

நகம் அளவுச் சாமான் தௌபீக்கின் வைஃபையைப் பார்த்ததும் ஒட்டிக்கொண்டது. மாலதி சுவரில் இருந்த பரீட்சை நோட்டீஸ்களை மறைத்து மேசைவிரிப்பைக் கட்டினாள். ரெத்தினம் மகளை உட்காரவைத்து, தானும் மாலதியும் படத்தில் விழாதபடி ஓரமாக நின்றுகொண்டார்.

சொன்னபடி நாலு மணிக்கு அழைப்பு வந்தது. திரையில் ராஜராஜன் தெரிந்தான். டை கட்டியிருந்தான். அவனுக்குப் பின்னால் பெரிய கண்ணாடி ஜன்னல், அதற்கு அப்பால் உயர உயரமான கட்டடங்கள், வெயில். படம் கொஞ்சம்கூட ஆடவில்லை. மாலதி கையெடுத்துக் கும்பிட்டாள்.

ராஜராஜன் வாயை அசைத்தான். ஒரு சத்தமும் வரவில்லை.

ரெத்தினம் மச்சினனைப் பார்த்தார். செந்தில் ஒலியைக் கூட்டினான், குறைத்தான், மறுபடி கூட்டினான். பிறகு, லேப்டாப்பின் ஸ்பீக்கரையும் இந்த சிஸ்டத்துக்கு அடையாளம் தெரியவில்லை போலிருக்கிறது என்று ரகசியமாகச் சொன்னான்.

ரெத்தினத்துக்குக் காது சிவந்தது. சிங்கப்பூரில் ஒருத்தன் டை கட்டிக்கொண்டு, ஆபீஸ் வேலையை நிறுத்தி வைத்துவிட்டு, ஊமையைப்போல் வாயசைத்துக்கொண்டிருக்கிறான். நெட்வொர்க் இன்ஜினியர். அவன் இந்தக் குடும்பத்தைப் பற்றி என்ன நினைப்பான்?

கலைமகள்தான் பதறவில்லை. உங்கள் குரல் கேட்கவில்லை, ஒரு நிமிடம் இருங்கள் என்று தட்டச்சு செய்து அனுப்பினாள். கோளாறு தன் பக்கம்தான் என்று நினைத்துக்கொண்டானோ என்னவோ, ராஜராஜன் சரியென்று தலையாட்டிவிட்டு மேசையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்தான்.

அதற்குள் செந்திலுக்குத் தன் ஸ்பீக்கர் ஞாபகம் வந்தது. "புளூடூத்ல சேர்த்துடுறேன் மாமா. அதுக்கும் ஒயர் வேண்டாம்" என்று பையிலிருந்து அதை எடுத்து மேசைமேல் வைத்தான். லேப்டாப்பில் தேடச் சொன்னான். சின்ன வட்டம் ஒன்று சுற்றியது. முதலில் தௌபீக்கின் பிரின்டர் பெயர் வந்தது. அடுத்து செந்திலின் ஸ்பீக்கர் வந்தது. திரையில் ராஜராஜன் டப்பாவைத் திறந்து எதையோ எடுத்துக் காதில் வைத்தான். அதே நேரம் பட்டியலில் மூன்றாவதாக ஒரு பெயர் வந்து நின்றது.

ரெத்தினம் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்து படித்தார். ராஜராஜன் ஹெட்செட்.

மறுபடி படித்தார். மேலே பார்த்தால் மாப்பிள்ளையின் காதில் அந்த வெள்ளைச் சாமான். கீழே பார்த்தால் அதன் பெயர். காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் அவருக்கு ஒரு நொடியில் கரைந்துபோனது. தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செந்தில் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ரெத்தினம் விடவில்லை, அவன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"நேத்துலேருந்து இதை வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன்டா. நல்ல சிஸ்டத்தைத்தான் போட்டிருக்க."

தட்டில் டீ டம்ளர்களோடு தௌபீக் வந்துகொண்டிருந்தான். யாரிடமாவது சொல்லாமல் ரெத்தினத்தால் இருக்க முடியவில்லை. அவனைக் கையைப் பிடித்து அருகில் இழுத்து, திரையில் அந்தப் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"இங்க பாருங்க தம்பி. எங்க மாப்பிள்ளை சிங்கப்பூர்ல காதுல மாட்டுறது, பட்டுக்கோட்டையில தெரியுது."

தௌபீக் குனிந்து பெயரைப் பார்த்தான். பிறகு மேலே இருந்த முகத்தைப் பார்த்தான். டீத் தட்டை மேசையில் வைத்துவிட்டு, மூடியிருந்த உள் அறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தான்.

"அண்ணே" என்றான் மெதுவாக, "புளூடூத் அடுத்த ரூம் வரைக்கும்தாண்ணே எட்டும்."